கடற்பஞ்சோடு பன்னிரண்டு மைல்

காலை 9.10, நோர்பரி. பாரிஸிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்து நான்காம் நாள். லண்டனைச் சுற்றிக் காட்டுகிறேன் என்ற தங்கை மகள் தர்ஷினி, தகப்பனின் வான் வண்டியில் முதலில் தன் ஆய்வுகூடத்துக்கே கூட்டிப்போனாள். ஆழ்கடற்பஞ்சுகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களை ஆராய்கிறவள் அவள். அங்கே குளிர்ப்பெட்டி பழுதாகிவிட்டது. மூன்று வருட உழைப்பான மாதிரிகளை உறைந்தபடியே பன்னிரண்டு மைல் தள்ளிப் பிளேஸ்டோவிலுள்ள இன்னொரு ஆய்வுகூடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அவள் கையெழுத்துப் போடப் போன நேரம், மாதிரிகளை அடுக்கியிருந்த பிளாஸ்டிக் பெட்டியை நான் வானில் ஏற்றினேன். மூடி ஆடியது. யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? காலையில்தான் இரண்டு பவுணுக்கு டேப் வாங்கியிருந்தேன். சுருள் தீரும்வரை சுற்றி இறுக்கிவிட்டேன்.

9.40, ஸ்ட்ரெத்தம். மழைச்சாரல். யன்னலை மூடப் போனேன்.

“பூட்டாதேங்கோ மாமா. பெட்டிக்குள்ள ட்ரை ஐஸ். அது வாயுவா வெளியில வரும், மூச்சு முட்டும்.”

“அந்தப் பாக்டீரியா எங்களை ஒண்டும் செய்யாதோ பிள்ளை?”

“செய்யாது. கடற்பஞ்சு தண்ணியை வடிச்சு, அதில வாற பாக்டீரியாவைத் தின்னும். ஆனால் தனக்குள்ள இருக்கிறதுகளைத் தின்னாது. அதுகள் சாப்பாடு செய்து குடுக்கும், இது இடம் குடுக்கும். ஆரைத் தின்னுறது, ஆரை விடுறதெண்டு அதுக்கு எப்பிடித் தெரியுது? அதைத்தான் தேடுறன்.”

10.05, பிரிக்ஸ்டன். “மூடியை லூசா விட்டதும் அந்த வாயுவுக்காகத்தான். இறுக்கினால் வெடிக்கும்” என்றாள், சாதாரணமாக.

நான் திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். சொல்லிவிடு என்றது மனம். இவ்வளவு படித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அடுத்த சிக்னலில் சொல்வோம் என்றிருந்தேன். சிக்னல்கள் ஒவ்வொன்றாகப் போயின.

10.40, டவர் பிரிட்ஜ். கப்பலுக்காகப் பாலம் திறந்திருந்தது. தர்ஷினி எஞ்சினை நிறுத்தினாள். பின்னாலிருந்து பிளாஸ்டிக் முறுகும் சத்தம் கேட்டது.

“என்ன அது?”

“நான் டேப் சுத்தினனான் பிள்ளை. முழுக்க.”

அவள் கத்தவில்லை. “இறங்கித் தூரப் போங்கோ மாமா” என்றாள். பின்கதவைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டிக் கத்தியால் டேப்பை அறுத்தாள். மூடி பறந்து வானின் கூரையில் மோதியது. வெள்ளைப் புகை வழிந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் நான் மூச்சுவிட்டேன்.

11.25, பிளேஸ்டோ. மாதிரிகள் எல்லாம் உறைந்தபடியே இருந்தன. ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடம் அவள் பாலத்தைச் சொன்னாள். தாயிடமும் அதையேதான் சொன்னாள்.

மறுநாள் பாரிஸுக்குத் திரும்பும் ரயிலிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏச்சு விழுமே என்று பயந்து பிரிக்ஸ்டனிலிருந்து பாலம் வரை நாலு மைல் வாய் திறக்காமல் வந்தேன். அவள் கடைசிவரை ஏசவேயில்லை. அந்த நாலு மைலும் வானை ஓட்டியது அவள். பெட்டியை நான் வைத்திருந்தது அவளுடைய முதுகுக்கு நேர் பின்னால்.