துண்டால் துடைத்த கண்ணாடி

கண்ணாயிரம் தன் தங்கை அம்சவல்லிக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அவள் மகளின் கல்யாணப் பணம் அது. உப்பு சுமந்தே உப்பளம் வாங்கிய மனிதர், பூநாரை பார்க்க வருபவர்களுக்குப் படம் பிடித்துக் கொடுத்துச் சம்பாதிக்கப் அந்தப் பணத்தில் போன் மாட்டும் தொலைநோக்கி வாங்கினார். வெயில் ஏறிக் கானல் எழுமுன் படம் எடுத்தார், கை ஆடாமலிருக்க டைமர் வைத்தார். ஆனாலும் படம் நாளுக்கு நாள் மங்கியது.

கொண்டுபோய்க் காட்டியதும், புதுச்சேரிக் கடைக்காரன் லென்ஸை வெளிச்சத்தில் திருப்பினான். "எதால தொடச்சீங்க?"

"என் துண்டாலதான். தெனம் பளபளன்னு தொடைப்பேன்!"

"துண்டு பூரா உப்புங்க. கீறியே பாழாக்கிட்டீங்க."

"ஏம்பா, உப்பப் பத்தி எனக்கே பாடமா?" என்று துண்டை உதறினார். மேசைமேல் உப்பு சரசரவென்று உதிர்ந்தது. தொலைநோக்கியை மூவாயிரத்துக்கு அவனிடமே விற்றார்.

மாலையில் அம்சவல்லி, "முழுசா கொண்டாந்துட்டியாண்ணே?" என்று உள்ளங்கையை நீட்டினாள். ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அவர் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.