காதில் தோடு போட்ட காப்பீடு

இன்று காலை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தேன்.

வெள்ளைச் சட்டையில் ஒரு முன்னாள் எம்எல்ஏ நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கட்சி ஆட்சிக்கு வந்தால் மருத்துவக் காப்பீடு இனி இலவசம் கிடையாதாம். மாதாமாதம் பாதிப் பிரீமியத்தை நாம்தான் கட்ட வேண்டுமாம்.

“சும்மா கொடுத்தா எதுக்கும் மதிப்பு இருக்காதும்மா” என்று, ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் அக்காவிடம் சொன்னார்.

அக்கா ஆட்டின் காதைத் திருப்பி, அதில் மாட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் தோட்டைக் காட்டினார்.

“இதுக்கும் இன்சூரன்ஸ் இருக்குண்ணே. செத்துப்போனா காதைத் தோட்டோட அறுத்துக் கொண்டுபோய்க் காட்டணும், பணம் வந்துரும். எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரில காப்பீட்டுக் கார்டைக் காட்டுனோம். இந்த ஆபரேசன் லிஸ்ட்ல இல்லைன்னுட்டாங்க. அதுக்குத்தான் இதை விக்க வந்திருக்கேன். மாசாமாசம் கட்டச் சொன்னா எதை விக்க?”

“எல்லாரும் கொஞ்சம் பொறுப்பு எடுத்துக்கணும்மா.”

“உங்களுக்கு யாருண்ணே கட்டுறா?”

“எனக்கு அரசாங்கமே பாத்துக்கும். முன்னாள் எம்எல்ஏ இல்லையா.”

சொல்லும்போது முகத்தில் கூச்சம் துளிகூட இல்லை. சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நோட்டீஸை நீட்டினார்.

ஆட்டைப் போலவே அந்த முன்னாள் எம்எல்ஏவும் காப்பீடு எடுத்த உருப்படிதான், அதுவும் நம் பணத்தில். அடுத்த சந்தைக்குப் போகிறவர்கள் அவர் காதைத் திருப்பிப் பார்த்து, தோடு இருக்கிறதா என்று கமெண்டில் சொல்லுங்கள்.