டீயில் ஏன் ஏலக்காய் இல்லை?

பழனிசெட்டிபட்டி வீட்டில் இன்று காலை அம்மா ஏலக்காய் டப்பாவைத் திறந்ததும், மேகமலை எஸ்டேட்டில் புதர் மண்டிப்போன எங்கள் ஓரறைப் பள்ளிக்கூடம்தான் எனக்கு மணத்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் நாட்களில் டீச்சர் ஓர் ஏலக்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளிடம் இது என்ன நிறம் என்பார், எங்களிடம் அதை ஏன் சூட்டறையில் காயவைக்கிறார்கள் என்பார், பெரிய வகுப்பிடம் வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்பார். நாங்களும் போட்டி போட்டுக் கத்துவோம்.

ஒருநாள் எல்லோரையும் பார்த்து, "இதப் பறிக்கிறது உங்க ஆத்தாமாருதான? பெறகு உங்க வீட்டு டீயில ஏன் இது இல்ல?" என்றார்.

என் பக்கத்திலிருந்த செல்வி மட்டும் மெதுவாக, "சாயங்காலம் கங்காணி மடிய உதறிக் காட்டச் சொல்லுவாக, டீச்சர்" என்றாள்.

"ஏன் உதறணும்?"

செல்வி குனிந்து தன் பாவாடை மடியைப் பார்த்தாள்.

இன்று அம்மா எடுத்தது நான் கடையில் வாங்கிவந்த ஏலக்காய்தான். இரண்டைத் தட்டி டீயில் போட்ட அம்மா, டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, சேலை மடியை ஒருமுறை உதறிவிட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.