இளைக்காத டூத்பேஸ்ட்

உலகத்துச் சிக்கனக்காரர்கள் எல்லோரும் வரிசையில் வந்தாலும் எங்கள் அப்பாவின் செருப்பைத் தொடக்கூடத் தகுதியில்லாதவர்கள். தொட்டால் அறுந்துவிடும் என்பது வேறு விஷயம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கரைந்த சோப்புத் துண்டுகளை ஒட்டி ஐந்து நிறத்தில் ஒரே சோப்பு செய்வார். ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன், என்ன எடுக்கப்போகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த பேஸ்ட் மாசக் கடைசி வரைக்கும் வரட்டும், நீங்க சொல்றதைக் கேக்குறேன். வரலேன்னா வீட்டுச் செலவு இனி என் பொறுப்பு."

"எழுதி வச்சுக்கோ, வரும்" என்றார் அப்பா.

இருபதாம் தேதியே டியூப் ஒட்டிப்போனது. அப்பா அதன் அடிப்பக்கத்தை வெட்டி, பிரஷ்ஷால் வழித்துவிட்டு, துணிக்கிளிப் போட்டு மூடினார். அம்மா ஜெயித்தால் ஃபிரிட்ஜை இஷ்டத்துக்குத் திறக்கலாம். ஆனாலும் கண்ணாடி முன்னால் அப்பா நின்ற நிலை பார்க்கப் பாவமாக இருந்தது. என் கைச்செலவுக் காசில் புது பேஸ்ட் வாங்கி, கிளிப்பைக் கழற்றி, பழைய டியூபுக்குள் பிதுக்கி வைத்தேன்.

மாசக் கடைசியில் அந்த டியூப், வாங்கிய அன்று இருந்ததைவிடக் குண்டாக இருந்தது. அம்மா டியூபை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டாள். அப்பா தெருவுக்கே கேட்கும்படி பெருமையடித்தார்.

பிறகு என் தோளில் கைபோட்டு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த மாசம் கிராம்பு பேஸ்ட் வேணாம்டா, நாக்கு எரியுது. பழைய புதினாவே வாங்கிப் பிதுக்கி வை."