ரெண்டு டம்ளர் உரத்தண்ணி

எங்க மாமா, அதாவது என் வீட்டுக்காரரோட அப்பா, கோவம் வந்தா கத்தமாட்டாக. வேட்டிய மடிச்சுக் கட்டுவாக, அவ்வளவுதான். அன்னைக்குக் காலைல ரெண்டு தடவ மடிச்சுக் கட்டிட்டாக.

பின்ன? கொடி வெட்டுற கவாத்து முடிஞ்சு திராட்சை பூவெடுக்கிற நேரம். பந்தலுக்கு அடியில உரத்தண்ணி ஓடுற சொட்டுநீர்க் குழாய்ல பாதி அடைச்சுக் கிடக்கு. தண்ணி சொட்டுற மூடிய ஒண்ணு பிடுங்கித் தட்டினா, உள்ள வெள்ளையாப் பொடி. விரல்ல தேச்சா நறநறங்குது.

"சுண்ணாம்பு! உங்க அப்பா கடை உரத்துல சுண்ணாம்பக் கலந்திருக்காக"ன்னாக மாமா. அப்பாவுக்குப் போன் போட்டு, "உங்க உரம் குழாய அடைச்சிருச்சு. இந்தா வர்றேன், கடையிலயே இருங்க"ன்னு சொல்லிட்டு, மிச்ச உரமூட்டை ரெண்டையும் டி.வி.எஸ்.ல வச்சுக் கட்ட ஆரம்பிச்சுட்டாக. கூடலூர் பஜார்ல, நாலு பேரு பாக்க, கடை வாசல்ல கொட்டப்போறாகளாம்.

எங்க அப்பா கடை ஓடுறதே நல்ல பேருலதான். கொட்டினா அந்தப் பேரும் போச்சு, சம்பந்தமும் போச்சு. நான் யாரு பக்கம் நிக்க?

அப்பத்தான் அந்தப் பொடிய மறுபடி பாத்தேன். அட! இத நான் பாத்திருக்கேனே! பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி லேப்ல, சோதனைக்குழாய் அடியில!

"மாமா, அஞ்சே நிமிசம்!" அடுப்படிக்கு ஓடி ரெண்டு கண்ணாடி டம்ளர், கேன் தண்ணி எல்லாம் தூக்கிட்டு வந்தேன். மூட்டைக்கு ஒரு பிடி அள்ளி, ஒண்ணுல கால்சியம் நைட்ரேட், இன்னொண்ணுல மெக்னீசியம் சல்பேட் போட்டேன். கலக்கினேன். கால்சியம் டம்ளர் சில்லுன்னு ஆயிருச்சு. ரெண்டும் கண்ணாடி கணக்கா நின்னுச்சு.

"சுண்ணாம்பு இருந்தா அடியில தங்காதா? எங்க தங்கியிருக்கு, பாருங்க!"

மாமா குனிஞ்சு பாத்தாக. நான் ஒரு டம்ளர இன்னொண்ணுல ஊத்தினேன். ஊத்தின மாத்திரத்துல பால்! மாமா ரெண்டடி பின்னால போயிட்டாக. எனக்குக் குதிக்கணும்போல இருந்துச்சு.

"உப்பு கெட்டியா இருக்கையில நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் ஒண்ண ஒண்ணு இறுக்கிப் பிடிச்சு வரிசையா நிக்கும் மாமா. தண்ணிக்குள்ள போனா பிடிய விட்டுட்டு தனித்தனியா அலையும். ரெண்டு தண்ணியையும் சேத்தா, கால்சியம் அங்கன அலையிற சல்பேட்டப் போய்ப் பிடிச்சுக்கிரும். அந்தப் பிடிய லேசுல தண்ணியால விடுவிக்க முடியாது. ஜிப்சமாப் படிஞ்சு போயிரும். உரம் ரெண்டும் சுத்தம்! ரெண்டையும் ஒண்ணாக் கலந்ததுதான் தப்பு!"

மாமா மூட்டைக் கயித்த அவுத்தாக. அப்புறம் மெதுவாக் கேட்டாக. "சரித்தா. ஒண்ணாக் கலந்தது யாரு?"

மாமா கலக்கினப்ப இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னுதான் விட்டாக. அவுகளுக்கு முழங்கால் வலி வந்ததுலருந்து ஒரு மாசமா அது என் வேலை. மோட்டாருக்கு வர்ற த்ரீ பேஸ் கரண்டு போறதுக்குள்ள முடிக்கணும்னு பறந்து, ரெண்டையும் ஒரே டிரம்முல தட்டினவ நான்தான். படிச்ச படிப்பு அப்ப எங்க மேயப் போச்சோ!

"நான்தான் மாமா"ன்னேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு.

மாமா போன எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாக. "சம்பந்தி, மன்னிச்சுக்கங்க. உங்க உரத்துல ஒரு குறையும் இல்ல. நான்தான் அவசரத்துல ரெண்டையும் ஒரே டிரம்முல கொட்டிட்டேன்."

அந்தப் பக்கம் எங்க அப்பாவுக்கு வந்துச்சே கோவம். "என்ன சம்பந்தி நீங்க! வீட்டுலயே கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைய வச்சுக்கிட்டு, அதுகிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

மாமா என்னையப் பாத்தாக. மடிச்சுக் கட்டின வேட்டிய இறக்கி விட்டாக.

"தப்புத்தான் சம்பந்தி"ன்னாக. "இனிமே கேட்டுக்கிறேன்."