சௌடம்மாளின் ஒத்தக்கால் வண்டி

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருடங்களை அருப்புக்கோட்டைக்காரர்கள் நூல் கிடைக்காத காலம் என்பார்கள், அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் என்பார்கள். சௌடம்மாளுக்கு மட்டும் அது வண்டி ஓட்டிய காலம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் மலர்ந்துவிடும்.

வண்டி அவளுக்காகச் செய்ததல்ல. அவள் கணவன் சென்னகேசவனுக்குத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் இரண்டும் இறுகிப்போயிருந்தன. வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். அதோடு, "தெனமும் விடியக்காலையில ரோட்டுல நடய்யா, காலு பெறகு எதுக்கு இருக்கு?" என்று கடிந்தும் அனுப்பினார். நடப்பதென்றால் சென்னகேசவனுக்கு வேப்பங்காய். சைக்கிள் மிதிக்கலாம் என்றால் இருந்த சைக்கிளுக்குச் செயின் அறுந்து பல மாதமாயிற்று. யுத்தத்தால் மதுரையில்கூடச் செயின் கிடைக்கவில்லை. ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு சங்கரலிங்கம் ஆசாரியின் பட்டறைக்குப் போனான். இரண்டு பேரும் மாறி மாறி யோசனை சொல்லி, சைக்கிளை அறுத்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தரையோடு தரையாக ஒரு வாகைப் பலகையைப் பொருத்திவிட்டார்கள். செயின் இல்லை, மிதிக்கட்டை இல்லை, உட்கார இடமும் இல்லை. ஒரு காலைப் பலகையில் ஊன்றி, மறு காலால் தரையை உந்தித் தள்ளினால் வண்டி ஓடும். கால் வலித்தால் காலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஊர் சிரித்தது. வளர்ந்த ஆம்பளை நொண்டியடிக்கிற மாதிரி திருச்சுழி ரோட்டில் போனால் சிரிக்காமல் என்ன செய்யும்? 'ஒத்தக்கால் வண்டி' என்று பெயரும் வைத்தது. அந்தக் குடும்பத்தில் பேச்செல்லாம் கன்னடத்தில்தான். கோபமும் கேலியும் மட்டும் தமிழில் வரும். அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் கோகிலாம்பாள் தமிழிலேயே கேட்டாள்: "எந்தம்பிக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நீயாவது சொல்லப்படாதா?"

சௌடம்மாளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் திரும்பி வரும்போது பார்ப்பாள். வேர்த்து விறுவிறுத்து, ஏதோ திருவிழாவுக்குப் போய் வந்தவன் மாதிரி வருவான். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று தோன்றும்.

ஒரு நாள் மத்தியானம், தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டும் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயிலில் நின்ற வண்டியை நிழலுக்கு நகர்த்தத்தான் போனாள். கைப்பிடியைப் பிடித்ததும் சும்மா ஒரு காலை வைத்துப் பார்த்தாள். மறு காலால் லேசாக ஓர் உந்து. தெரு தானாகப் பின்னால் போயிற்று. எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் வேப்பமரத்தில் போய் முட்டி விழுந்தாள்.

சாயங்காலம் அவள் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்த சென்னகேசவன், "வண்டி கடிச்சிருச்சா?" என்றான். மறுநாள் விடியக்காலையில் அவளை எழுப்பி, "வாரியா?" என்று மட்டும் கேட்டான்.

குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணிக்குப் போகிற மாதிரி புறப்பட்டாள். ஊர் எல்லை தாண்டியதும் குடம் புளியமரத்தடியில் இறங்கிவிடும். சைக்கிளைப் போல இதில் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டால் போதும். அவன் பக்கத்தில் ஓடிவந்தான். கொஞ்ச நாளில் அவனால் ஓடிப் பிடிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு, வெடித்து நிற்கும் பருத்தி, சோளத்தட்டைக்குள்ளிருந்து விருட்டென்று பறக்கும் காடை. முகத்தில் காற்று அடிக்கும். பிறந்ததிலிருந்து காற்று அவளைத் தேடி வந்ததுதான் உண்டு. அவளாகக் காற்றுக்குள் போனது அப்போதுதான். திரும்பும்போது ரோட்டோரக் கிணற்றில் மறக்காமல் குடத்தை நிரப்பிக்கொள்வாள். "அந்தக் கெணத்துத் தண்ணியில அப்படி என்ன ருசி?" என்று கோகிலாம்பாள் கேட்டால், "குடிச்சுப் பாருங்க மதினி" என்பாள்.

அடுத்த தை மாதம் திருச்சுழியில் சென்னகேசவனின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். நூல் கிடைக்காத அந்த நாளிலும் அங்கே இங்கே சேர்த்துக் கூறைப்புடவையை அவனே நெய்திருந்தான். கடைசி முழம் முடிந்தபோது கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஆகிவிட்டது. காலையில் புடவை மூட்டையோடு சௌடம்மாளும் கோகிலாம்பாளும் பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டம் நெரிந்ததால், "நான் என் வண்டியில வாரேன்" என்று அவன் முன்னாலேயே கிளம்பிவிட்டான்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போது ஓடியது கரி பஸ். பின்னால் அண்டா மாதிரி ஒரு அடுப்பு. அடுப்புக்கரி எரிந்து வருகிற வாயுவில் பஸ் நகரும். வழியில் சென்னகேசவனைத் தாண்டும்போது டிரைவர் மொக்கையன் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏலே கேசவா! கயிறு கட்டி இழுக்கட்டுமா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. சௌடம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓடைப் பாலம் தாண்டி மேடு ஏறும்போது பஸ் இருமியது, முனகியது, நின்றே போனது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். அசையவில்லை. கரியை மாற்றி அடுப்பை மூட்ட நேரமாகும் என்றான் மொக்கையன்.

"முகூர்த்தத்துக்குப் பொடவை வேணுமேய்யா!" என்று கோகிலாம்பாள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் சென்னகேசவன் வந்து சேர்ந்தான். வண்டியை விட்டு இறங்கியவன் நிற்க முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். இராத்திரி வரை தறியில் இருந்த கால். முழங்கால் உப்பி வீங்கியிருந்தது. விஷயம் தெரிந்ததும், "மூட்டையக் குடு, போறேன்" என்று எழுந்தான். எழுந்த வேகத்தில் மறுபடியும் உட்கார்ந்தான்.

சௌடம்மாள் அவனைப் பார்த்தாள். பஸ் ஜனம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. மூட்டையை முதுகில் வைத்து முந்தானையால் இறுக்கிக் கட்டினாள்.

"என்ன செய்யப் போற?" என்றாள் கோகிலாம்பாள்.

"முன்னால போறேன் மதினி. இவுகளைப் பஸ்ஸுல ஏத்திக் கூட்டியாங்க."

வண்டியை மேட்டின் உச்சி வரை தள்ளிக்கொண்டு போனாள். அங்கே பலகையில் ஏறி ஓர் உந்து உந்தினாள். பின்னால் யாரோ "அடியாத்தே!" என்றது கேட்டது. அதற்குப் பிறகு காற்றுச் சத்தம்தான். அந்த இறக்கம் நெடுந்தூரம் போகும். காலுக்கு வேலையே இல்லை. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்து நின்று பார்த்தார். சௌடம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அவரைத் தாண்டியதும் ஆளில்லாத ரோட்டில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

சமதரை வந்ததும் பாடு பெரும்பாடு. காலை மாற்றி மாற்றித் தள்ளி, தலையெல்லாம் புழுதியாகப் பந்தலில் போய் இறங்கினாள். புடவை முகூர்த்தத்துக்குச் சேர்ந்தது. பெரிய மாமனார் ஒருவர், "பொம்பளை ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டு வாரதா?" என்று சத்தம் போட்டார். கூறைப்புடவை கட்டி மணையில் உட்காரப் போன பெண்ணோ அவள் கையைப் பிடித்து, "மதினி, எனக்கும் ஒருநா சொல்லித் தாங்க" என்று காதில் சொன்னாள்.

பஸ் வந்து சேர்ந்தபோது பந்தியே ஆரம்பித்திருந்தது. மொக்கையன் தானே சென்னகேசவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். "தங்கச்சி, இனிமே எம்பஸ்ஸுக்கு முன்னால போறதா இருந்தா சொல்லிட்டுப் போ ஆத்தா" என்றான். ஊர் திரும்பிய பிறகு கோகிலாம்பாள், "குடத்தை எதுக்குச் சுமக்குற? வீட்டுலயே வச்சுட்டுப் போ" என்றாள்.

அதற்குப் பிறகு ஒளிவு மறைவு இல்லை. விடிந்தும் விடியாமலும் இருவரும் போவார்கள். ஒருவர் ஓட்டினால் ஒருவர் நடப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். யுத்தம் முடிந்தும் அது நிற்கவில்லை. சுதந்திரம் வந்த வருடம் சக்கரங்கள் கம்பி கம்பியாக உதிர ஆரம்பித்தன. இனி ஒட்டவைக்க ஒன்றுமில்லை என்று ஆசாரி கையை விரித்துவிட்டார்.

மறுநாள் விடியக்காலையில் பழக்கத்தில் இருவருக்கும் விழிப்பு வந்தது. சும்மா படுத்திருக்கப் பிடிக்காமல் ரோட்டுக்கு நடந்தார்கள். வண்டி இல்லாமல் முழுக்க நடந்ததில், புளியமரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சௌடம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க, நம்ம ரோடு இம்புட்டு நீளமா?"

சென்னகேசவன் சிரித்துவிட்டான். கொஞ்சம் நின்று, பிறகு இருவரும் மெல்ல நடந்தார்கள்.