பன்னிரண்டாம் நம்பர் மஞ்சள்

என் வீட்டுக்காரருக்குக் கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கும் வேலை. பத்தொன்பது வருஷமாக மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் தூள், கூடவே செண்டுமல்லி இதழ்ப் பொடி. அந்தப் பொடி கூடினாலும் குறைந்தாலும் மஞ்சள்கருவின் நிறம் மாறிவிடும். அதைப் பார்க்க விசிறி போல விரியும் ஓர் அட்டை வைத்திருக்கிறார். வெளிர்மஞ்சள் ஒன்றாம் நம்பர், செம்மஞ்சள் பதினைந்து. கடைக்காரர்கள் கேட்பது பன்னிரண்டு. முட்டையை உடைத்து, அட்டையைப் பக்கத்தில் வைத்து, "பன்னெண்டு" என்று இவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. கோழிக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துக் கலக்கிற மனுஷர், தான் தின்பது பன்னும் சர்க்கரை தூக்கலான டீயும்.

இவருடைய தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். "நான் ஒண்ணு தரேன்" என்று முதல் ஆளாகப் போய் நின்றார். எல்லாம் பொருந்தியது, சர்க்கரையைத் தவிர. மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி மூன்று.

"சர்க்கரை நோய்க்கு ஒரு படி கீழே நிக்கிறீங்க. இன்சுலின் சொல்றதை உங்க உடம்பு கேக்க மாட்டேங்குது. குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? என் புருஷனைக் கீறாமல் விட்டார்களே என்று நிம்மதியானேன்.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர் அம்மா பொறுமையாக விளக்கினார். பன்னை நிறுத்தணும், டீக்குச் சர்க்கரை கூடாது, தினமும் நடக்கணும். "கேரட், பூசணி, கீரை நிறையச் சேர்த்துக்கங்க. அதுல கரோட்டினாய்டு இருக்கு. அதெல்லாம் நல்லாச் சாப்பிடறவங்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு குறைவா இருக்குன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க."

கரோட்டினாய்டு என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செண்டுமல்லிப் பொடி மூட்டையில் அச்சடித்திருக்கும் பெயராயிற்றே! மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

அன்றிலிருந்து தினம் முக்கால் கிலோ கேரட். பச்சையாக, நறுக் நறுக்கென்று. பன் டப்பா காலியாகாமல் நான் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மா சொன்னது என் காதில் விழாமலா இருந்தது?

மூன்றாம் மாதம் இவர் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையோ என்று எனக்கு உதறல். இவரோ அட்டையை விரித்துக் கையோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "ஏழு வந்திருச்சு!" என்று தங்கை வீட்டுக்கே ஓடிப்போய்க் காட்டினார். அளந்து அளந்து தண்ணீர் குடிக்கிற அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுவாரம் ரிப்போர்ட் வந்தது. ஆறு புள்ளி மூன்று.

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு, காமாலை இல்ல. நிறையக் கேரட் தின்னிருக்கீங்கன்னு கை சொல்லுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "கரோட்டினாய்டுங்கிற அந்த நிறச்சத்துதான் நல்லது பண்ணுதா, காய்கறி சாப்பிடறவங்க மொத்தப் பழக்கமுமான்னு இன்னும் முடிவாத் தெரியல. நீங்க பன்னை விட்டீங்களா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும், "கோழின்னா கலர் வந்தா வேலை முடிஞ்சுது. அப்படியே நினைச்சிட்டேன். அவளுக்கு மூணு மாசத்தை வீணாக்கிட்டேனே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. பன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அப்புறம் ஆறு மாதம் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிய கீரை, அவித்த பூசணி, அளவாகக் கேரட், சர்க்கரை இல்லாத டீ. காலையில் பண்ணைக்கு நடை. ஒன்பது கிலோ குறைந்தார். சர்க்கரை ஐந்து புள்ளி ஐந்து. டாக்டர் சரி என்றார்.

ஆஸ்பத்திரியில் மனைவியின் கையெழுத்தும் கேட்டார்கள். வராந்தாவில் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

என்னால் அடக்க முடியவில்லை. "அந்த மூணு மாசமும் பன் வாங்கி வெச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும் அண்ணி. உங்க இடத்துல நான் இருந்தா நானும் வாங்கித்தான் வெச்சிருப்பேன்."

நர்ஸ் பேனாவை நீட்டினாள். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.